தோளில் தெரியாத பதவி

பட்டாளத்தில் பதவிதான் எல்லாம், தூதரகத்தில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்று ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஓய்வுபெற்ற மேஜர்கள் சற்று ஏளனமாக. இரு தரப்பும் ஏமாந்திருக்கிறார்கள்.

பதவியைக் கண்டுகொள்ளாதவர்கள் அதற்காக நடுத்தெருவில் வெட்டிக்கொள்ள மாட்டார்கள். 1661இல் ஸ்வீடன் தூதர் லண்டனில் வந்திறங்கியபோது, ஊர்வலத்தில் யார் வண்டி முன்னால் போவது என்று ஸ்பெயின், பிரான்ஸ் தூதர்களின் ஆட்கள் மோதிக்கொண்டார்கள். உயிர்கள் போயின. இப்படிப்பட்ட தகராறுகள் ஓயாததால்தான் 1815இல் வியன்னாவில் கூடியவர்கள் தூதர்களுக்குத் தரவரிசை எழுதிவைத்தார்கள். ஒரே தரத்தில் இருப்பவர்களில் முதலில் வந்தவர் மூத்தவர். நாட்டின் பரப்போ படைபலமோ கணக்கில் வராது. 1961 வியன்னா உடன்படிக்கையும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. வாஷிங்டனில் பல ஆண்டுகள் தூதர் வரிசையின் தலைமகனாக நின்றவர் குட்டி நாடான ஜிபூட்டியின் ரோப்லே ஒல்ஹாயே. பிரிட்டனும் சீனாவும் அவருக்குப் பின்னால்தான். இரண்டு கர்னல்களில் மூத்தவர் யார் என்று கேட்டால் பட்டாளமும் பதவி கிடைத்த தேதியைத்தான் பார்க்கும். அப்புறம் எங்கே வேறுபாடு?

சரி, வரிசை இருக்கட்டும், அது வெறும் விருந்து மேசை அலங்காரம் என்பார்கள். பீஜிங்கைப் பார்க்கலாம். 1961இல் தூதர் ஜி. பார்த்தசாரதி அங்கிருந்து திரும்பிய பிறகு 15 ஆண்டுகள் இந்தியா வேறு தூதரை அனுப்பவில்லை. தூதரகத்தை மூடவும் இல்லை. பொறுப்புத் தூதர்களை வைத்தே ஓட்டியது. நடுவில் ஒரு போரே நடந்து முடிந்தது. பொறுப்புத் தூதர் என்றால் முறைப்படி எல்லாத் தூதர்களுக்கும் பின்னால்தான் இடம். 1970 மே தின விழாவில் தியானன்மென் மேடையில் வரிசையாக நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே வந்த மாவோ, இந்தியப் பொறுப்புத் தூதர் பிரஜேஷ் மிஸ்ராவின் கையைக் குலுக்கி, சிரித்தபடி நட்பாக நாலு வார்த்தை பேசிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று டெல்லி மண்டையைக் குடைந்துகொண்டது. ஆனாலும் கே.ஆர். நாராயணன் தூதராகப் போய்ச் சேர 1976 ஆகிவிட்டது. 2019 ஆகஸ்டில் இந்தியா, பாகிஸ்தான் உறவு முறுகியபோதும் இதே கதைதான்: இரு தலைநகரங்களிலும் ஹை கமிஷனர் நாற்காலி காலியானது, பொறுப்பு அடுத்த படிக்கு இறங்கியது. பதவியைக் குறைப்பதே அங்கே ஒரு பேச்சு. எதிரிமேல் கோபம் வந்தால் எந்தத் தளபதியும் தன் பிரிகேடியரை மேஜராக்கிக் களத்துக்கு அனுப்புவதில்லை.

பட்டாளத்தில் பதவியே எல்லாம் என்பதும் முழு உண்மை இல்லை. பறக்கும் விமானத்தில் கேப்டன் இளம் ஃபிளைட் லெப்டினன்ட்டாக இருக்கலாம், பின்னால் ஏர் மார்ஷல் உட்கார்ந்திருக்கலாம். இறங்குவதா, திரும்புவதா என்று முடிவெடுப்பது ஃபிளைட் லெப்டினன்ட்தான்.

தூதரகத்தில் இளையவர் துணிந்து மாற்றுக் கருத்துச் சொல்லலாம் என்பார்கள். சொல்லலாம். 1971 ஏப்ரலில் டாக்காவிலிருந்த அமெரிக்க அதிகாரிகள் தம் அரசின் கொள்கையைக் கண்டித்துத் தந்தி எழுத, துணைத் தூதரகத் தலைவர் ஆர்ச்சர் பிளட் அதை ஆமோதித்து அனுப்பினார். கொள்கை மாறவில்லை, அவரைத்தான் டாக்காவிலிருந்து மாற்றினார்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பட்டாளத்தில் சட்டப்படியான ஆணையை வேண்டுமென்றே மீறினால் 1950 ராணுவச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை. வெளியுறவுப் பணியில் இடமாற்றத்தோடு போய்விடும்.

என் கணக்கில் உண்மையான வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. படைவீரரின் பதவி அவருடையது. தூதரின் பதவி அவர் உட்காரும் நாற்காலியுடையது. சிறிய நாடொன்றில் கொடி பறக்கும் காரில் போய்வந்த நம் தூதர் டெல்லி திரும்பினால் இணைச் செயலாளர்களில் ஒருவர். கரியப்பாவோ 1953இல் தரைப்படைத் தலைமையிலிருந்து ஓய்வுபெற்று, ஆஸ்திரேலியாவுக்கு ஹை கமிஷனராகப் போனார். 1956இல் அந்தப் பதவி முடிந்தது, ஜெனரல் பட்டம் அவரிடமே இருந்தது. ஓய்வுபெற்று 33 ஆண்டு கழித்து, 1986இல், அவரை ஃபீல்டு மார்ஷலாகவும் உயர்த்தினார்கள். ஓய்வுபெற்ற ஹை கமிஷனரை உயர்த்த மேலே படியே கிடையாது.