கால் நீட்டிப் படுக்க ஓரிடம்

பிரிட்டனில் கேரவன் என்றால் பெரும்பாலும் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் சின்ன வீடுதான். 'ஆறு பேர் படுக்கலாம்' என்ற விளம்பர வரியை நம்பி மட்டும் அதை வாங்கிவிடாதீர்கள். வீட்டில் பதினைந்து வயது மகன் இருந்தால் அவனைக் கூடவே அழைத்துப்போய், மேல்தட்டுப் படுக்கையில் ஏறிப் படுக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் அது இரண்டடி அகலம்தான். நீளம் ஆறடிகூட வராது. முழங்காலை மடக்கி, பாதத்தைச் சுவரில் முட்டுக்கொடுத்து அவன் கிடப்பதைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். அந்த வயதில் ஒரே வருஷத்தில் மூன்று அங்குலம்கூட வளர்வார்கள், அதற்கும் சேர்த்துத்தான் இடம் பார்க்க வேண்டும்.

இருக்கையை இரவில் படுக்கையாக்கும் ஏற்பாடு சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. ஆனால் காலை பத்து மணிவரை தூங்கும் பதின்வயதுப் பிள்ளையை எழுப்பி, படுக்கையை மடக்கி, சாப்பாட்டு மேசை போடுவது தினமும் சண்டையில்தான் முடியும். நிரந்தரக் கட்டிலும் ஒரு திரையும் அவசியம் என்பேன்.

எடையையும் பாருங்கள். சாமான்கள் ஏற்றிய கேரவன், காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது என்பது அங்கே பழைய கணக்கு. பணம் மிஞ்சினால் கேரவனின் பக்கவாட்டில் இணைக்கும் கூடாரம் ஒன்று வாங்கி, அதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.