நீலாம்பரியும் ஒரு தட்டும்

'காலனிய நீக்கம்' என்ற பதம் நம் கூட்டங்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வந்த வேகத்திலேயே ராகசிகிச்சைக்காரர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டுவிட்டார்கள். அண்மையில் ஒரு கூட்டத்தில் நண்பரொருவர், கவிஞர், நான் மதிக்கிறவர், பேசினார். மனமருத்துவம் வெள்ளைக்காரன் சுமத்தியது; நம்மிடம் ராகங்கள் உண்டு; நீலாம்பரி தூக்கம் தரும்; இதுவே விடுதலை. கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. காரணத்தை அன்று சொல்ல வாய்க்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

மனநோயாளிகளுக்கான ஒரு பகல்நேர இல்லத்துக்குச் சில மாதங்கள் போய்வந்தேன். காலை பத்து மணிக்குச் சுவரிலிருக்கும் ஒலிபெருக்கியில் வீணை ஆரம்பிக்கும். இருபது பேர் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் சிகிச்சை. ஒரு நாள், நாற்பது வயதிருக்கும் ஒருவர், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து விரலால் தட்டத் தொடங்கினார். வீணைக்குத் தட்டவில்லை, அவர் உள்ளே ஓடிய வேறொரு அடி, சாவு வீட்டு அடி. பக்கத்திலிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தனை மாதத்தில் அங்கே ஒருவரை ஒருவர் பார்த்து நான் கண்டது அன்றுதான். ஊழியர் வந்து தட்டைப் பிடுங்கினார். ஏட்டில் 'அமைதியின்மை' என்று எழுதப்பட்டது.

ஃபனானின் பெயரை நண்பர் மூன்று தடவை சொன்னார். ஃபனான் செய்தது என்ன? 1953 இறுதியில் அல்ஜீரியாவின் ப்ளிடா மருத்துவமனைக்குப் போகிறார். பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்கள், 220 முஸ்லிம் ஆண்கள். பிரான்ஸில் தொஸ்கேயிடம் கற்ற சமூகசிகிச்சையை, அதாவது கூட்டம், விழா, பத்திரிகை, கைவேலை எல்லாவற்றையும், இரண்டு பகுதிகளிலும் புகுத்துகிறார். பெண்களிடம் பலிக்கிறது, ஆண்களிடம் தோற்கிறது. வடஆப்பிரிக்கனின் மூளையே அப்படி என்று சொல்லப் போரோவின் அல்ஜியர்ஸ் கோஷ்டி தயாராயிருந்தது. ஃபனானும் அஸூலேயும் 1954 கட்டுரையில் குற்றத்தைத் தங்கள் முறைமேல் போட்டுக்கொண்டார்கள். இவர்கள் யார், நிலம் இழந்து எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டார்கள். பிறகுதான் காப்பிக்கடையும் பண்டிகைகளும் கதைசொல்லியும் உள்ளே வந்தன. மின்னதிர்ச்சி சிகிச்சையை அவர் விட்டுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு இசைத்தட்டை எடுத்துவிட்டு அரபு இசைத்தட்டைப் போட்டதல்ல அவர் காரியம்.

நாம் செய்வது இசைத்தட்டு மாற்றம். அதிலும் யாருடைய இசைத்தட்டு? சபாவில் கேட்பதைச் சேரிக்குக் கொண்டுபோய் 'நம் மரபு' என்கிறோம். சரி, மரபுக்கே வருவோம். தம்பியப்பனின் வயிற்றுவலிக்காக தீட்சிதர் அடாணாவில் குருவைப் பாடினார் என்பது கர்ணபரம்பரை. கதையாகவே இருக்கட்டும். அந்தக் கதையிலும் நோயாளிதான் கிருதியைப் பாடம் பண்ணிப் பாடுகிறான். அவனை யாரும் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்காரவைக்கவில்லை. மேற்கில் ஆராய்ச்சிக்குள்ளான இசைச்சிகிச்சையும் பெரும்பாலும் அப்படித்தான்: பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியோடு உட்கார்ந்து, பல அமர்வுகள், கூடவே மருந்து. ராகத்துக்கு ஒரு நோய் என்ற அட்டவணை அதில் இல்லை.

அப்படியானால் அவருக்குப் பறையைக் கொடுத்துவிடலாமே என்று நாட்டார் கலை நண்பர்கள் சொல்வார்கள். அவசரம் வேண்டாம். சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய வேலை. அடிக்கமாட்டோம் என்று மறுத்து அதற்காக உதைபட்ட ஊர்கள் உண்டு. அதே பறையை மேடையில் பெருமையோடு எடுத்தவர்களும் உண்டு. அந்த மனிதர் இதில் எந்தப் பக்கம்? அவர் தகப்பன் அடித்தாரா, இவர் ஓடிவந்தாரா? யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் வெட்கம்.

'நம்முடையது' என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் 28 பேர் கீற்றுக் கொட்டகையில் வெந்து செத்தார்கள். ஓட முடியாமல் சங்கிலி. அந்தச் சங்கிலியைப் பூட்டியது வெள்ளைக்காரன் அல்ல. சங்கிலி கூடாதென்று 2017இன் சட்டம் சொல்கிறது. நோயாளி பேசினால் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தைப் போட்டுச் சொல்ல முடியும்?

மறுவாரம் நான் போனபோது வீணை நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் தட்டை மாற்றியிருந்தார்கள். சத்தம் வராத பிளாஸ்டிக்.