செக்கும் கையொப்பமும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தில் பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றிற்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பல இருக்கின்றன. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருடன் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் செக்கிற்கு இன்றும் இடமுண்டு. ஆதலால் செக் மோசடி இங்குள்ள பட்டறைக்காரருக்கு அன்னியமான விஷயமல்ல.

கணக்குக்காரரின் கையொப்பத்தை வேறொருவன் கள்ளத்தனமாக இட்டுப் பணம் பெற்றுவிட்டால், நஷ்டம் யாரைச் சாரும்? கனரா பாங்கிக்கும் கனரா ஸேல்ஸ் கார்ப்பரேஷனுக்கும் நடந்த வழக்கில் 1987-ல் ஸுப்ரீம் கோர்ட்டு இதற்கு விடையளித்தது. செக் புத்தகத்தைத் தம் வசம் வைத்திருந்த கம்பெனியின் கணக்கரே, 42 செக்குகளில் போலிக் கையொப்பமிட்டு, சுமார் 3,26,000 ரூபாயை அபகரித்துவிட்டார். பல வருஷங்கள் கணக்கைக் கவனியாதது கம்பெனியின் குற்றமே என்று பாங்கி வாதித்தது. கோர்ட்டு அதை ஏற்கவில்லை. போலிக் கையொப்பமிட்ட செக் செல்லாக் காகிதம்; அதற்குப் பணம் கொடுக்கப் பாங்கிக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது.

நியாயமான தீர்ப்பே. ஆனால் மோசடி வெளிப்பட்டது 1961-ல். முடிவு வந்தது 26 வருஷங்களுக்குப் பின்னர். சிறு பட்டறைக்காரர் அவ்வளவு காலம் காத்திருக்க முடியுமா?

கையொப்பம் உண்மையானதாயின் இந்தப் பாதுகாப்பும் இல்லை. அவசரத் தேவைக்குக் கடன் வாங்குவோர், தொகை எழுதாமல் கையொப்பம் மாத்திரம் இட்ட செக்குகளை ஈடாகக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் இருந்து வருகிறது. மனமொப்பிக் கொடுத்த அத்தகைய செக்கும் கடனுக்காகவே கொடுக்கப்பட்டதாக அனுமானிக்கப்படும் என்று 2019-ல் ஸுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. அல்லவென்று நிரூபிக்கும் பாரம் கொடுத்தவரையே சாரும். செக் திரும்பினால் இரண்டு வருஷம் வரை சிறையும் கிடைக்கலாம்.

இப்பொழுது பாங்கிகளுக்கிடையே செக்கின் பிரதிபிம்பமே செல்கிறது, காகிதம் செல்வதில்லை. 2025 அக்டோபர் 4 முதல் பகல் முழுவதும் இடைவிடாமல் பைசல் நடக்கிறது. மோசடியைக் கண்டு தடுக்கும் அவகாசம் மிகவும் குறைந்துவிட்டது.

இதற்குப் பரிகாரமாக ரிஸர்வ் பாங்கி 2021 ஜனவரி 1 முதல் 'பாஸிடிவ் பே' முறையை ஏற்படுத்தியிருக்கிறது. 50,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான செக்கைக் கொடுத்தவர், அதன் தேதி, தொகை, பெறுபவர் பெயர் முதலிய விவரங்களைத் தம் பாங்கிக்கு முன்னதாகவே தெரிவிக்கலாம். விவரம் மாறுபட்டால் விஷயம் உடனே வெளிப்படும். ஐந்து லக்ஷமும் அதற்கு மேற்பட்டதுமானவற்றிற்குப் பாங்கிகள் இதைக் கட்டாயமாக்கலாம்.

நல்ல ஏற்பாடுதான், ஆனால் அறியாதவருக்கு அதனால் யாது பயன்? தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இந்த எல்லைப் பிரதேசத்தில், ஜனங்களின் பாஷையிலேயே இதை விளக்குவது பாங்கிகளின் கடமை. ஜனங்களும் செக் புத்தகத்தைப் பூட்டி வைத்து, மாதந்தோறும் கணக்கைச் சரிபார்த்து, ஒரு செக் காணாமற்போனால் அன்றே பணம் கொடுப்பதை நிறுத்தும்படி எழுதிக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தொகை எழுதாத செக்கில் கையொப்பமிடுவதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். கையொப்பம் போனபின் சட்டத்தைத் தேடி அலைவதால் பயனில்லை.