கிறுக்கு கலையாகுமா?

கலைஞர் ஒருவர் மறைந்த பின்னர் அவருடைய கலையை நினைவிற் கொள்வோர் சிலர். அவருடைய வினோதப் பழக்கங்களை நினைவிற் கொள்வோர் பலர். கலையை நினைவிற் கொள்ளக் காதும் பொறுமையும் வேண்டும். வினோதத்தைப் பேசித் திரிய வாய் ஒன்றே போதும். இந்நிலைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குபவர், கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்ட்.

கோடை வெயிலிலும் மேலங்கியும் கையுறையும் அணிந்தவர். எவரோடும் கைகுலுக்க அஞ்சியவர். கால்கள் குறைக்கப்பட்ட பழைய நாற்காலி ஒன்றைச் சென்ற ஊர்தோறும் தூக்கிச் சென்றவர். வாசிக்கும்போதே வாய்விட்டு முனகியவர். 31ஆம் வயதிலேயே மேடையை விட்டு ஓடியவர். இப்படி அடுக்கிக் கூறிவிட்டு, “மேதை என்றால் கிறுக்கு இருக்கத்தானே செய்யும்!” என்று முடித்துவிடுகின்றனர் பலர். அவர்கள் அடுக்கும் பழக்கங்களுள் பொய்யானது எதுவும் இல்லை. அவர்கள் காணும் முடிவுதான் பொய். அது தீங்கற்ற பொய்யும் அன்று. பயிற்சி வேண்டா, ஆசிரியர் வேண்டா, ஒழுங்கு வேண்டா, பிறரைப்போல் இல்லாதிருந்தாலே போதும் என்னும் எண்ணத்தை அது கற்கும் பருவத்தினர் நெஞ்சில் விதைக்கின்றது. ஆகவே, அதனை மறுத்துரைப்பது கல்விப் பணியில் உள்ளோர் கடமையாகும்.

கற்பித்த கைகள்

கூல்ட் 1932ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் டொரோன்டோ நகரில் பிறந்தார். அவருடைய தாயார் பியானோவும் பாட்டும் கற்பித்து வந்தவர். பத்து வயது வரை மகனுக்கும் அவரே ஆசிரியர். அதன்பின் 1943 முதல் 1952 வரை, சிலி நாட்டில் பிறந்து டொரோன்டோவில் வாழ்ந்த ஆல்பெர்ட்டோ கெரேரோ என்னும் ஆசிரியரிடம் கூல்ட் பயின்றார்.

கெரேரோ கையாண்ட பயிற்சிமுறை ஒன்று அறியத் தக்கது. மாணவன் ஒரு கையின் விரல்களைப் பியானோக் கட்டைகளின் மேல் தளர்வாக வைத்துக்கொள்வான். மற்றொரு கையால் அவ்விரல்களின் நுனியை ஒவ்வொன்றாகத் தட்டுவான். தட்டப்பட்ட விரல் கட்டையை அழுத்திவிட்டுத் தானே மீளும். ஓர் ஒலியை எழுப்புவதற்கு எவ்வளவு சிறிய அசைவு போதும் என்பதை விரல் இவ்வாறு கற்றுக்கொள்கின்றது. ஒரு பாடலின் எல்லாச் சுரங்களையும் இம்முறையில் தட்டிப் பழகுவதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும்! கூல்டின் வாசிப்பில் எத்துணை வேகத்திலும் ஒவ்வொரு சுரமும் மணிமணியாகத் தனித்து ஒலிப்பதைக் கேட்டு வியப்போர், அத்தெளிவின் பின்னே இப்பயிற்சி நின்றதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பிற்காலத்தில் கூல்ட் தம்மைப் பெரும்பாலும் தாமே கற்றவர்போல் பேசியதுண்டு. அப்பேச்சையும் உலகம் அப்படியே ஏற்றுக்கொண்டது. வேரை மரம் மறந்துவிடலாம். மரத்தைப் பற்றி எழுத வந்தவர்களுமா மறப்பது? நாற்காலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியோர், கெரேரோவிற்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது நேர்மையாகுமா?

நாற்காலியும் முனகலும்

சரி, அந்த நாற்காலியையே எடுத்துக்கொள்வோர் கேட்கட்டும். 1953ஆம் ஆண்டு அவருடைய தந்தையார் மடக்கு நாற்காலி ஒன்றின் கால்களைக் குறைத்து அமைத்துக் கொடுத்தது அது. அதன் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 14 அங்குல உயரமே உடையது. அவ்வளவு தாழ அமர்ந்தால் தோளின் பளு விரலின் மேல் இறங்காது. கட்டைகளை மேலிருந்து அடிப்பதற்குப் பதிலாக விரல்களால் இழுத்து வாசிக்க நேரும். இடிபோல் முழங்க வேண்டிய பெரும் படைப்புகளுக்கு இம்முறை ஏற்றதன்று. ஆனால், பாக் என்னும் செர்மானிய இசைமேதையின் படைப்புகளில் இரண்டு, மூன்று, நான்கு குரல்கள் ஒரே நேரத்தில் தனித்தனி வழியே நடக்கும். அவற்றுள் எந்தக் குரலும் மற்றொன்றில் மறைந்துவிடாமல் கேட்பிக்க இம்முறை பெரிதும் உதவும். எனவே, தமக்கு எது வேண்டும், அதற்காக எதை இழக்கலாம் என்று கணக்கிட்ட ஒரு தொழிலாளியின் கருவியே அந்நாற்காலி. இருக்கை முற்றும் சிதைந்த பின்னும் அவர் அதை விடாதது வினோதந்தான். எனினும், அதன் உயரம் வினோதத்தால் அமைந்ததன்று.

முனகலோ, அவர் விரும்பி வளர்த்த அணிகலன் அன்று. இசைத்தட்டுகளில் அது பதிந்துவிடுவது அவருக்கே வருத்தந் தந்தது. விட்டொழிக்க முயன்றால் வாசிப்பின் தரம் குன்றுகிறது என்று கண்டமையால் பொறுத்துக்கொண்டார். கையுறைகளும், ஓயாது உட்கொண்ட மருந்துகளும், நோயைப் பற்றிய அச்சமும் துன்பத்தின் அடையாளங்கள். ஒரு மனிதனின் துன்பத்தை வேடிக்கைக் கதையாக்கி மகிழ்வது பண்பாடுடையோர் செயலாகாது.

ஓடினாரா, தேடினாரா?

1964ஆம் ஆண்டு ஏப்பிரல் 10ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வாசித்ததே கூல்டின் கடைசிப் பொது அரங்கு. அரங்குகளில் தோற்று ஓடியவர் அல்லர் அவர். 1957ஆம் ஆண்டிலேயே சோவியத் நாடு சென்று மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் பெரும் வரவேற்புப் பெற்றவர். அந்நாட்டு ஆட்சியாளர் விரும்பாத புதிய வியன்னா இசையை மாஸ்கோ இசைக் கல்லூரி மாணவர்முன் துணிந்து விளக்கி வாசித்தவர். 1962இல் நியூயார்க்கில் பிராம்சின் இசைப் படைப்பு ஒன்றை அவர் மிக மெதுவாக வாசிக்க முற்பட்டபோது, குழுவை நடத்திய லெனார்ட் பெர்ன்ஸ்டைன் அவைமுன் தோன்றித் தமக்கு அதில் உடன்பாடில்லை என்று அறிவித்ததைப் பெருஞ் சண்டைபோல் கதைப்பர். கூல்டின் கருத்து செவிமடுக்கத் தக்கது என்பதாலேயே உடன்பாடின்றியும் தாம் குழுவை நடத்துவதாக அதே உரையில் பெர்ன்ஸ்டைன் கூறியதை மட்டும் வசதியாக விட்டுவிடுவர்.

மேடையை விட்டபின் அவர் என்ன செய்தார் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. 1966ஆம் ஆண்டு அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் ஒலிப்பதிவின் எதிர்காலத்தை ஆராய்ந்தார். அதில் தம் அனுபவம் ஒன்றைக் குறித்துள்ளார். பாக்கின் பல்குரல் படைப்பு ஒன்றை அவர் எட்டு முறை வாசித்துப் பதிந்தார். ஆறாம் பதிவும் எட்டாம் பதிவும் பிழையற்றவை. ஆயினும், தனித்தனியே கேட்டால் ஒன்று மிக அழுத்தமாகவும் மற்றொன்று மிகத் துள்ளலாகவும் சலிப்பூட்டின. எனவே, தொடக்கத்தையும் முடிவையும் ஆறாம் பதிவிலிருந்தும், இடைப்பகுதியை எட்டாம் பதிவிலிருந்தும் எடுத்து ஒலிநாடாவை இணைத்தார். எழுத்தாளர் ஒருவர் வரியை அடித்துத் திருத்தி எழுதுவதை எவரும் ஏமாற்று என்பதில்லை. இசைஞர் திருத்தினால் மட்டும் அது ஏமாற்றாகிவிடுமா?

1967இல் கனடாவின் வடபுலத்தைப் பற்றி அவர் உருவாக்கிய வானொலிப் படைப்பில், பலருடைய பேச்சுகளைப் பாக்கின் குரல்களைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் காட்டினார். தனிமையைப் பற்றி மேலும் இரு வானொலிப் படைப்புகள் அதனைத் தொடர்ந்தன. ஓடியவன் இத்துணை உழைப்பதில்லை.

குறையும் உண்டு

கூல்ட் செய்தன அனைத்தும் சிறந்தவை என்று வாதிடுவது மற்றொரு மூடத்தனம். மோசார்ட்டின் பிற்காலப் படைப்புகளை அவர் இகழ்ந்தார். இகழ்ந்துகொண்டே அவற்றை வாசித்தும் பதிந்தார். அவற்றுள் சில, இசைக்கு விளக்கமாக அமையாமல் இசையோடு வழக்காடுவனவாகவே ஒலிக்கின்றன. இக்குறையும் முன்கூறிய கருத்துக்கே வலுவூட்டுகின்றது. வேறுபட வேண்டும் என்பதற்காகவே வேறுபட்ட இடத்தில் மேதையும் சறுக்குகின்றான். உண்மையைத் தேடிச் சென்று, அதனால் வேறுபட்ட இடத்திலேதான் உயர்கின்றான்.

இதற்குச் சான்று, பாக்கின் கோல்ட்பெர்க் மாறுபாடுகள். ஒரு மெல்லிசையையும் அதன் 30 மாறுபாடுகளையும் கொண்ட இப்படைப்பை 1955இல், தம் 22ஆம் வயதில், கூல்ட் பதிந்தார். ஏறத்தாழ 38 நிமிடங்களில் பாய்ந்தோடிய அப்பதிவு மறு ஆண்டு வெளிவந்து அவரை உலகறியச் செய்தது. தம்மில் தாமே மயங்கும் கிறுக்கராக இருந்திருந்தால் அப்புகழிலேயே வாழ்நாளைக் கழித்திருப்பார். அவரோ 1981இல், 48ஆம் வயதில், அதே படைப்பை மீண்டும் பதிந்தார். இம்முறை ஏறத்தாழ 51 நிமிடங்கள். மாறுபாடுகள் அனைத்தையும் ஒரு நாடித்துடிப்பின் இழையில் கோத்துக் காட்டுவது அவர் நோக்கம். உலகம் போற்றிய தம் இளமைப் படைப்பையே தாம் குறைகண்டு திருத்தி எழுதினார். இரண்டாம் பதிவு வெளிவந்த சில நாள்களிலேயே மூளையில் ஏற்பட்ட தாக்குதலால் வீழ்ந்து, 1982 அக்டோபர் 4ஆம் நாள், 50ஆம் வயதில் மறைந்தார்.

படிப்போர்க்கு

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை யாவரும் அறிந்ததே. கூல்டின் கையுறையை அணிந்துகொள்வது எளிது. அவருடைய விரல்களைப் பெறுவது அரிது. மாணவர் ஒருவர் விதியை மீற விரும்பினால், முதலில் அவ்விதியைக் கற்றுத் தேர்ந்துள்ளாரா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். ஆசிரியர்க்கும் இதில் பாடமுண்டு. வகுப்பில் தனித்து அமர்ந்து வேறுவிதமாகச் சிந்திக்கும் பிள்ளையைக் கிறுக்கன் என்று ஒதுக்குவதும் தவறு. மேதை என்று புகழ்ந்து பயிற்சியின்றி விட்டுவிடுவதும் தவறு. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கெரேரோ இவ்விரண்டையும் செய்யாமல், விரல் விரலாகக் கற்பித்தார்.

1977ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்ட வாயேஜர் கலங்கள் இரண்டிலும், மனித குலத்தின் ஒலிகளைத் தாங்கிய பொற்றட்டு வைக்கப்பட்டுள்ளது. கூல்ட் வாசித்த பாக்கின் சிறு படைப்பு ஒன்றும் அதில் உண்டு. கதிரவ மண்டலத்தைத் தாண்டிச் செல்லும் அக்கலங்களில் மேலங்கி இல்லை, கையுறை இல்லை, நாற்காலியும் இல்லை. உழைத்துப் பெற்ற ஒலி மட்டுமே உள்ளது. நிலைத்து நிற்பது எது என்பதை இதனினும் தெளிவாக எவர் உரைக்க இயலும்?