தவளைக்கும் இடம் கொடுப்போம்

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் விடுதிக் குளியலறையில் அடிக்கடி கூக்குரல் கேட்கும். வாளிக்குப் பின்னால் ஒரு தவளை உட்கார்ந்திருக்கும்! சென்ற மழைக்காலத்தில் நாங்கள் சிலர் ஒரு தவளையின்மேல் உப்பை அள்ளிக் கொட்டினோம். அது துடிதுடித்து இறந்தது. ஏதோ வீரச்செயல் புரிந்தவர்கள்போல் சிரித்தோம். இன்று அதை நினைத்து வெட்கப்படுகிறோம்.

நெற்பயிரைப் பூச்சி தின்கிறது. பூச்சியைத் தவளை தின்கிறது. தவளையைப் பாம்பும், பாம்பைப் பருந்தும் தின்கின்றன. இந்த உணவுச் சங்கிலியை அம்புக்குறிகளோடு வரைந்து பரீட்சையில் மதிப்பெண் பெற்றோம். ஆனால், அதில் ஒரு கண்ணி அறுந்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தோமா?

நம் நாடு ஒரு காலத்தில் வயல் தவளைகளைப் பிடித்து, அவற்றின் பின்னங்கால்களை உறைய வைத்து, வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வந்தது. அன்னியச் செலாவணி கிடைத்தது உண்மைதான். ஆனால் தவளை கூலியின்றிச் செய்த வேலைக்குப் பூச்சிமருந்தை அல்லவா விலை கொடுத்து வாங்க வேண்டும்? 1987ஆம் ஆண்டில் அரசு இந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

சீனாவில் 1958இல், தானியம் தின்கிறதென்று சிட்டுக்குருவிகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றார்கள். குருவி பூச்சிகளையும் தின்னும் என்பதை மறந்தார்கள். பூச்சிகள் பெருகிப் பயிரை அழித்தன. 1960இல் குருவியைப் பகைவர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

"அப்படியானால் கொசுவையும் வாழவிட வேண்டுமா?" என்று தோழியர் கேட்கலாம். நோய் பரப்பும் கொசுவைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது நம் கடமை. ஆனால் கண்ட இடமெல்லாம் மருந்து தெளித்தால், கொசுவோடு அதைத் தின்னும் உயிர்களும் மடியும். தவளையின் ஈரத் தோல் வழியே நஞ்சு எளிதில் உட்புகுந்துவிடும்.

நமக்கு அருவருப்பாக இருப்பதெல்லாம் தீமை செய்வன அல்ல. ஓர் உயிரை விரட்டும் முன், அது யாரைத் தின்கிறது, அதை யார் தின்கிறார்கள் என்று ஒரு கணம் சிந்திப்போம்.

இவ்வாண்டு குளியலறைக்கு வந்த தவளைகளை முறத்தில் ஏந்திக் கிணற்றடித் தோட்டத்தில் விட்டு வருகிறோம். கூக்குரல் மட்டும் இன்னும் நின்றபாடில்லை!