மின்னஞ்சலைத் திறந்தாலே போதும்... கண்ணுக்குத் தெரியாத படம் உங்களைக் காட்டிக்கொடுக்குமா?

கிளமெண்டி எம்ஆர்டி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருக்கிறீர்கள். "உங்கள் பொட்டலத்தைக் கொண்டுசேர்க்க முடியவில்லை" என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. திறந்து பார்க்கிறீர்கள். நீங்கள் எதையும் வாங்கவே இல்லை! உடனே அழித்துவிடுகிறீர்கள்.

"நான்தான் எதையும் கிளிக் பண்ணலையே, அப்புறம் என்ன?"

கிளிக் செய்யாமலேயே நீங்கள் பதில் அனுப்பியிருக்கலாம்.

அந்த மின்னஞ்சலுக்குள் ஒரு படம் ஒளிந்திருக்கக்கூடும். நீளம் ஒரு பிக்சல், அகலம் ஒரு பிக்சல். நிறமே கிடையாது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணில் படாது.

படம் மின்னஞ்சலோடு வருவதில்லை. அது அனுப்பியவரின் சர்வரில் இருக்கும். நீங்கள் மின்னஞ்சலைத் திறக்கும்போதுதான் உங்கள் செயலி அங்கே போய் அதைக் கேட்டு வாங்குகிறது. ஒவ்வொரு முகவரிக்கும் அனுப்பப்படும் படத்துக்குத் தனிக் குறியீடு உண்டு. ஆகவே கேட்டது யார், எத்தனை மணிக்கு என்பது அங்கே பதிவாகிவிடும்.

எதற்கு இந்த மெனக்கெடல்? ஸ்பேம் அனுப்புவோர் பலருக்கு உங்கள் முகவரி உண்மையில் தெரியாது. பிரியா95, குமார்88 என்று பெயரையும் எண்ணையும் மாற்றி மாற்றிச் சேர்த்து அனுப்பிப் பார்ப்பார்கள். பெரும்பாலானவை யாருமே இல்லாத முகவரிகள். படத்தைக் கேட்டு வந்த முகவரியில் மட்டும் ஆள் இருக்கிறார், படிக்கவும் செய்கிறார். அவர்களுக்கு அதுதான் மதிப்பு. அடுத்த போலி மின்னஞ்சல் வங்கியின் பெயரிலோ சிங்போஸ்ட் பெயரிலோ அங்கே வரலாம்.

உங்கள் புளோக் எண்ணெல்லாம் அவர்களுக்குத் தெரியாது, பயப்படாதீர்கள். எந்த நாடு, எந்த நிறுவனத்தின் இணையச் சேவை, என்ன கருவி என்பவை தெரியக்கூடும்.

இதை ஸ்பேம் கும்பல்கள் மட்டும் செய்வதில்லை. நீங்கள் விரும்பிப் பதிவுசெய்த கடைகளும் செய்திமடல்களும் இதையேதான் பயன்படுத்துகின்றன.

ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சர்வர்கள் வழியாகக் காட்டுகிறது. அதனால் உங்கள் இணைய முகவரி மறைகிறது. ஆனால் திறந்தீர்கள் என்ற தகவல் மறைவதில்லை. 2021 செப்டம்பரில் ஆப்பிள் இன்னொரு வழியைக் கொண்டுவந்தது. அதன் மெயில் செயலியில் அந்தப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் படங்கள் பின்னணியில் இறங்கிவிடும். எப்போது படித்தீர்கள் என்று அனுப்பியவரால் கண்டுபிடிக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? சிங்கப்பூரின் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம் 2007 ஜூனில் நடப்புக்கு வந்தது. முகவரிகளை ஊகித்து மொத்தமாக அனுப்புவதை அது தடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடுத்தால் ஒரு செய்திக்கு 25 வெள்ளி வரை இழப்பீடு கிடைக்கலாம். ஆனால் எங்கோ வெளிநாட்டில், பெயரே தெரியாமல் இருப்பவர்மீது யார் வழக்குப் போடுவது?

அதே சட்டப்படி, 'இனி அனுப்ப வேண்டாம்' என்று நீங்கள் சொன்னால் 10 வேலை நாள்களுக்குள் அனுப்புவதை நிறுத்த வேண்டும். முறையான கடைகள் அப்படிச் செய்யும். முன்பின் தெரியாதவர் அனுப்பிய மின்னஞ்சலில் அந்தப் பொத்தானைத் தட்டாதீர்கள்! அதுவும் "நான் இருக்கிறேன்" என்று சொல்வதுதான்.

"ஏற்கெனவே திறந்துட்டேனே?"

படத்தால் உங்கள் கடவுச்சொல்லை எடுக்க முடியாது. மின்னஞ்சலை வெறுமனே அழிக்காமல் 'ஸ்பேம்' என்று குறியுங்கள். அந்தப் பிரிவில் ஜிமெயில் படங்களைத் தானாகக் காட்டாது. மோசடியோ என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண் 1799-ஐ அழைக்கலாம்.

ஜிமெயில் அமைப்புகளில் 'படங்கள்' பகுதிக்குச் சென்று, காட்டும் முன் அனுமதி கேட்கும்படி மாற்றிவிடுங்கள். கையோடு அம்மா, அப்பாவின் கைத்தொலைபேசியிலும் மாற்றலாம். மறுநாள் கடை விளம்பரங்களில் படங்கள் இல்லாததைப் பார்த்து "போன் கெட்டுப்போச்சா?" என்று கேட்பார்கள். தெரிந்த கடை என்றால் படத்தைக் காட்டும் பொத்தானை ஒருமுறை தட்டினால் போதும் என்று சொல்லிக்கொடுங்கள்.