தொண்டின் வளர்ச்சியை எதனால் அளப்போம்?

ஆண்டு ஒன்று நிறைந்ததும் வரவு செலவைக் கூட்டிப் பார்ப்பது வணிகர் வழக்கம். தேர்ச்சி விழுக்காட்டைக் கூட்டிப் பார்ப்பது பள்ளிகளின் வழக்கம். மாற்றுத் திறனாளிகளுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனங்களும் ஆண்டுதோறும் தம் பணியைக் கணக்கிட்டு அறிக்கையாக வெளியிடுகின்றன. இத்தனை சக்கர நாற்காலிகள், இத்தனை செயற்கைக் கால்கள், இத்தனை காதொலிக் கருவிகள், இத்தனை மருத்துவ முகாம்கள் என்று பட்டியல் நீளும். படிப்பவர் வியப்பர், தம்மால் இயன்றதை நன்கொடையாக அளிப்பர், மனநிறைவோடு வீடு திரும்புவர். கொடுத்ததை எண்ணும் இந்தக் கணக்கு பொய்க் கணக்கு அன்று. ஆனால் அது பாதிக் கணக்கே என்பது எங்கள் கருத்து. மறு பாதி எங்கே இருக்கிறது என்பதை நம் பள்ளிக் குடும்பத்தார் அனைவரும் சேர்ந்து சிந்திக்க வேண்டும் என்னும் ஆசையால் இதனை எழுதுகிறோம்.

வெறும் வார்த்தையாகப் பேசாமல், ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தென்காசிக்கு அருகே ஆய்க்குடி என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த இராமகிருஷ்ணன் என்னும் இளைஞர் கோவையில் பொறியியல் பயின்று வந்தார். 1975-ஆம் ஆண்டு பெங்களூரில் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கலந்துகொண்டபோது உயரத்திலிருந்து விழுந்தார். கழுத்துத் தண்டுவடம் சிதைந்தது. கழுத்துக்குக் கீழே உடல் இயங்காமற் போயிற்று. எழுந்து நடக்கும் நம்பிக்கை இல்லை என்றான பின்னும் மனம் நடக்க மறுக்கவில்லை. தமக்குச் சிகிச்சையளித்த ஏர் மார்ஷல் டாக்டர் அமர்ஜித் சிங் சகால் அவர்களின் பெயரை நன்றியோடு சூட்டி, 1981-ஆம் ஆண்டு தம் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஐக்கிய நாடுகள் சபை உடல் ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்ததும் அந்த 1981-ஆம் ஆண்டே. ஒரு கூரைக் கொட்டகையும் ஐந்து குழந்தைகளுமே அன்று சங்கத்தின் சொத்து. இன்று அது பள்ளி, மறுவாழ்வு மையம், தொழிற்பயிற்சி, கிராமப் பணி எனப் பல கிளைகள் பரப்பி நிற்கிறது. நாட்டின் பத்மஸ்ரீ விருது 2020-ஆம் ஆண்டு இராமகிருஷ்ணன் அவர்களைத் தேடி வந்தது.

இந்த வளர்ச்சியை எதனால் அளப்பது? கட்டடங்களின் எண்ணிக்கையாலா? விருதுகளாலா? இத்தகைய நிறுவனம் எதன் ஆண்டறிக்கை நம் கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம் என்கிறோம்.

முதற் கேள்வி: இந்தப் பணி குழந்தையை எவ்வளவு சீக்கிரம் சென்றடைந்தது?

நம் வீடுகளில் குழந்தைக்குத் தலை நின்றதா, குப்புற விழுந்ததா, உட்கார்ந்ததா, தவழ்ந்ததா என்று பாட்டிமார் மாதக் கணக்கு வைத்திருப்பார்கள். கணக்குத் தவறும்போதோ, "அவன் மாமனும் மூன்று வயதில்தான் நடந்தான், எல்லாம் தானாகச் சரியாகும்" என்று ஆறுதல் சொல்லி நாளைக் கடத்துவதும் உண்டு. குழந்தையின் மூளை மிக விரைவாக வளர்வது முதற் சில ஆண்டுகளிலேயே. அந்த நாட்களில் முறையான பயிற்சி கிடைத்தால் நிமிர்ந்து உட்காரவும், கையால் பற்றவும், பேசவும் கற்கக் கூடிய பிள்ளைகள் எத்தனையோ பேர். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் அப்பிள்ளைக்கு நட்டம்.

ஆய்க்குடியில் நாம் போற்ற வேண்டிய மாற்றம் இதுவே. மையத்தின் வாசலுக்கு வருவோரை மட்டும் கவனிப்பதோடு சங்கம் நின்றுவிடவில்லை. பேருந்துக் காசும் ஒரு நாள் கூலியும் இழந்து பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு வர எல்லாத் தாய்மாராலும் முடியுமா? ஆகவே கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து மறுவாழ்வுப் பணியாளர்களாக்கி வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே குழந்தைக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். தாய்க்கும் கற்றுத் தருகிறார்கள். பிள்ளையின் முன்னேற்றத்தைக் கைப்பேசிச் செயலியில் பதிந்து வைக்க, மையத்திலுள்ள வல்லுநர்கள் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார்கள். இங்கே "இத்தனை பேர் வந்தார்கள்" என்பதைவிட "இத்தனை பேரைத் தேடிச் சென்றோம்" என்பதே பெருமைக்குரிய வரி.

இன்னொன்றும் நினைவில் கொள்ள வேண்டும். சில எண்கள் குறைவதும் வளர்ச்சியே. ஒரு காலத்தில் இத்தகைய இல்லங்களில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய பிள்ளைகள் மிகுதி. இடையறாத சொட்டு மருந்துப் பணியின் பயனாக, 2011 சனவரிக்குப் பின் இந்தியாவில் இயல்பான போலியோக் கிருமியால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச் 27 அன்று நம் நாட்டுக்குப் போலியோ அற்ற நாடு என்னும் சான்று கிடைத்தது. போலியோவுக்காகக் காலிப்பர் கேட்டு வரும் குழந்தைகளின் வரிசை குறைந்தால் அந்த ஆண்டறிக்கையைக் கண்டு மகிழத்தானே வேண்டும்?

இரண்டாம் கேள்வி: எத்தனை பேர் அங்கிருந்து புறப்பட்டு, நம்மிடையே வந்து அமர்ந்தார்கள்?

ஓர் இல்லம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதனுள்ளேயே ஒருவர் பிறந்ததுமுதல் முதுமைவரை வாழ்ந்து முடிய வேண்டும் என்பது விதியாகலாகாது. மருத்துவமனையின் பெருமை நோயாளி நலம் பெற்று வீடு திரும்புவதில் உள்ளது. அதுபோல மறுவாழ்வு நிலையத்தின் பெருமை, அங்கு பயின்றவர் ஊர்ப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போவதில் உள்ளது. ஆய்க்குடிச் சங்கம் நடத்தும் சிவசரஸ்வதி வித்யாலயாவில் மாற்றுத் திறன் உடைய பிள்ளைகளும் ஏனைய பிள்ளைகளும் ஒன்றாகவே படிக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வரும் தோழியைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அவளைக் கண்டு பரிதாபப்படத் தோன்றாது. வீட்டுப் பாடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கத்தான் தோன்றும். இதனினும் சிறந்த ஒழுக்கப் பாடம் எந்தப் புத்தகத்தில் உண்டு?

மூன்றாம் கேள்வி: முடிவெடுக்கும் இடத்தில் அமர்ந்திருப்பவர் யார்?

பெறுபவராகவே ஒருவரை என்றும் வைத்திருப்பது தருமம் ஆகாது. அமர் சேவா சங்கத்தை நிறுவியவர் சக்கர நாற்காலியில் இருப்பவர். 1992-இல் அவரோடு இணைந்து, அதன் நிர்வாகத்தைத் தோளில் ஏற்ற சங்கரராமன், தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்காளர். தங்களுக்கு என்ன தேவை என்பதைப் பிறர் சொல்லிக் கேட்க வேண்டிய நிலை அங்கே இல்லை.

பெண்களாகிய நாம் பெருமிதத்தோடு நினைக்க வேண்டிய ஒருவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர் 1954-இல் வாகன விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். இனி இவளால் என்ன ஆகும் என்று உலகம் கேட்டிருக்கும். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பின் கனி. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் மறைந்தார். அவரைப் பற்றிப் பேசும்போது "உடற்குறையை வென்றவர்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அவர் ஏறிச் செல்லத்தக்க அறுவைக் கூடமும், அவரை நம்பிய ஆசிரியர்களும் இருந்தமையால் அன்றோ அவரால் அது முடிந்தது? மன உறுதி அவருடையது. வழி விட்டது சுற்றியிருந்தவர் கடமை.

இங்கேதான் மறு பாதிக் கணக்கு வருகிறது. எந்தத் தொண்டு நிறுவனமும் தன் எல்லைக்குள் மட்டுமே வழி அமைக்க முடியும். அதற்கு வெளியே உள்ள படிக்கட்டுகள் நம்முடையவை. சங்கம் ஒரு சிறுமியைப் பயிற்றுவித்து, சக்கர நாற்காலியும் தந்து அனுப்புகிறது என்று கொள்வோம். அவள் ஊர்ப் பள்ளியின் வாசலில் மூன்று படிகள் நின்று தடுக்குமாயின், அந்த ஆண்டின் உழைப்பெல்லாம் அந்த மூன்று படிகளின் கீழே நின்றுவிடுகிறதே!

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத் திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களுள் ஆண்களில் நூற்றுக்கு 62 பேர் எழுத்தறிவு பெற்றிருந்தனர். பெண்களிலோ நூற்றுக்கு 45 பேர் மட்டுமே. மகள் என்பதற்காக ஒரு பூட்டு. உடற்குறை என்பதற்காக இன்னொரு பூட்டு. பெண் கல்விக்கென்றே எழுந்த பள்ளியில் படிக்கும் நமக்கு இந்த எண் உறுத்த வேண்டாமா?

சட்டம் தன் பங்கைச் செய்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இப்பிள்ளைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்றும், கட்டடமும் வளாகமும் அவர்கள் வந்து போகத் தக்கனவாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பழைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் புறவுலகச் சிந்தனைக் குறைவு எனப்படும் ஆட்டிசமும் அவற்றுள் அடங்கும். பேச்சிலும் மாற்றம் வந்திருக்கிறது. நொண்டி, செவிடு என்று வாய் கூசாமல் அழைத்தது போய், ஊனமுற்றோர் என்றாகி, இன்று மாற்றுத் திறனாளிகள் என்கிறோம். பெயர் மாறியது நன்று. படியும் மாற வேண்டும்.

அது ஒன்றும் மலையைப் பெயர்க்கும் வேலை அன்று. சாய்தளத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். ஆறு அங்குலப் படிகள் மூன்று இருந்தால் உயரம் 18 அங்குலம். சாய்தளத்தின் நீளம் 18 அடி. எட்டாம் வகுப்பு மாணவி போடக்கூடிய கணக்கு இது. அதைவிடச் செங்குத்தாகப் பெயருக்கு ஒரு சரிவு கட்டிவைத்தால் ஏறுபவள் பின்னோக்கிச் சரிந்துவிடுவாள். இதனோடு நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிவறைக் கதவும், உள்ளே சுவரில் ஒரு கைப்பிடியும், அந்த மாணவியின் வகுப்பைக் கீழ்த்தளத்தில் வைக்கும் ஏற்பாடும் இருந்தால், பாதி வழி திறந்துவிடும்.

இதற்கு மறுப்புச் சொல்வோர் உண்டு. "அவர்களுக்கென்று தனிப் பள்ளிகள் இருக்கின்றனவே, அங்குள்ள கவனிப்பு இங்கே கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. பாளையங்கோட்டையில் செவித்திறன் அற்ற பிள்ளைகளுக்கான பள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றியது. சைகை மொழியும் பிரெயில் எழுத்தும் நன்கு கற்றுத் தரும் அத்தகைய பள்ளிகளின் தொண்டு அளவிடற்கரியது. சில பிள்ளைகளுக்கு அவையே ஏற்றவை. ஆனால் அப்பள்ளியைத் தேர்ந்தெடுப்பது வேறு. நம் வாசலில் வழியில்லாமல் அங்கே தள்ளப்படுவது வேறு. "என் மகளின் படிப்பு பின்தங்கிவிடுமே" என்று அஞ்சும் பெற்றோருக்கும் ஒரு சொல்: மெதுவாகக் கற்கும் தோழிக்காக ஆசிரியை இன்னொரு முறை விளக்கும்போது, புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருந்த பத்துப் பேருக்கும் அன்றே புரியும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. மாணவியராகிய நாம் நன்கொடை திரட்டுவதோடு நில்லாமல், அளவு நாடாவோடு ஒரு நாள் நம் பள்ளியைச் சுற்றி வருவோம். எத்தனை வாசல்களில் படி, எத்தனை கதவுகள் குறுகல் என்று குறித்துத் தருவோம். எம் மதிப்பிற்குரிய அருட்சகோதரியரும் ஆசிரியைகளும் அக்குறிப்பை அடுத்த கட்டட வேலையின்போது கையில் எடுக்க வேண்டுகிறோம். பெற்றோர்களே, உங்கள் தெருவில் வீட்டுக்குள்ளேயே வளரும் ஒரு சிறுமி இருப்பாளாயின், அவள் தாயிடம் பள்ளி வயதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுங்கள்.

ஆய்க்குடியைப் போன்ற நிறுவனங்கள் அடுத்த ஆண்டும் தம் அறிக்கையை எழுதும். பயிற்சி பெற்றோர் இத்தனை பேர் என்பதை அவர்களே எழுதிக்கொள்வார்கள். அவர்களுள் ஊர்ப் பள்ளிகளில் சேர்ந்தோர் இத்தனை பேர் என்னும் வரியை நிரப்புவது நம் போன்ற பள்ளிகளின் கையில் இருக்கிறது. அவ்வரியில் நம் பங்காக ஒரே ஓர் எண்ணையாவது கூட்ட முயல்வோமாக!